மலைக்குப் போகும் சாப்பாட்டுப் பொதி: சோறா, ரொட்டியா, எள்ளுருண்டையா?

வன்னியிலிருந்து மலைநாட்டுக்குச் சுற்றுலா போகிறவர்கள் உடுப்பைப் பற்றி நிறையவே யோசிக்கிறார்கள். ஸ்வெட்டர் யாரிடம் இரவல் வாங்குவது, பிள்ளைக்குக் காலுறை இருக்கிறதா, தொப்பி போதுமா என்று இரண்டு கிழமைக்கு முன்பே கதை தொடங்கிவிடும். சாப்பாட்டுக்கு அந்த யோசனை கிடையாது. மடுவுக்கும் வற்றாப்பளைக்கும் கட்டுகிற அதே சோற்றுப் பொதிதான் நுவரெலியாவுக்கும் போகிறது. ஆனால் உடுப்பு என்பது உடம்பின் சூட்டை வெளியே போகாமல் பிடித்து வைக்கிற வேலையைத்தான் செய்யும். அந்தச் சூட்டை உண்டாக்குவது வயிற்றுக்குள் போன சாப்பாடு. அதனால் ஸ்வெட்டருக்குக் கொடுக்கிற கவனத்தைப் பொதிக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நம்முடைய பயணத்தில் சாப்பாடு இரண்டு காலநிலைகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது. கிளிநொச்சியிலிருந்து நுவரெலியாவுக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். வவுனியா, மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று போய்ச் சேர ஒன்பது பத்து மணித்தியாலம் எடுக்கும். அதில் மாத்தளை வரைக்கும் வெக்கைதான். வான் வண்டியின் பின்பக்கம் அடுக்கிய பைகள் அவ்வளவு நேரமும் புழுங்கிக்கொண்டே வரும். கண்டியைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் நிலைமை மாறிவிடும். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை இறங்கும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹோட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கும் மேல். தை, மாசி மாதங்களில் அங்கே விடியப்புறம் புல்லின் மேல் உறைபனி படிவதும் உண்டு. தம்புள்ளை வெக்கையில் பழுதாகவும் கூடாது, ஹோட்டன் சமவெளிக் குளிரில் விறைத்துப் போகவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நின்று பிடிக்கிற சாப்பாடுதான் நமக்கு வேண்டும். மலைக்கு என்ன சாப்பாடு கொண்டு போவது என்று குளிர்நாட்டுக்காரர் தங்களுக்காகப் போட்ட பட்டியல்களில் வெக்கையைப் பற்றிய முதல் பாதி இருக்காது. அவர்கள் குளிரிலிருந்து குளிருக்குப் போகிறவர்கள்.

"அங்கே என்ன, ஐரோப்பாக் குளிரா?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2022 மார்கழியில் வடக்கிலும் கிழக்கிலும் பெருந்தொகையான மாடுகள் குளிரில் விறைத்துச் செத்ததை வன்னியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாட்களில் வெப்பநிலை உறைபனி அளவுக்குக் கிட்டவும் போகவில்லை. நனைந்த உடம்பின் மேல் விடாமல் காற்று அடித்தது, அவ்வளவுதான். மலையில் மூடுபனியும் தூறலும் காற்றும் ஒன்றாக வரும்போது மனித உடம்புக்கும் அதுவே நடக்கும். நடுக்கம் என்பது தசைகள் சூடு உண்டாக்குவதற்காகச் செய்கிற வேலை. அந்த வேலைக்கு மாச்சத்தும் சீனிச்சத்தும் உடனடி விறகு. கொழுப்பு மெதுவாக நின்று எரியும். ஆகவே இரண்டும் பொதிக்குள் இருக்க வேண்டும்.

சோறு எதுவரைக்கும்?

சோறு இல்லாமல் ஒரு பயணத்தை நினைத்துப் பார்க்க நமக்கு வராது. நானும் சோற்றை விடச் சொல்லவில்லை. ஆனால் அது வழிச் சாப்பாடு. மலைச் சாப்பாடு அல்ல.

முதலில் வெக்கை. அவிக்கும்போதும் சாகாத பக்டீரியா வித்துகள் சில அரிசியில் இருக்கும். சோறு மிதமான சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஐந்து பாகைக்கும் அறுபது பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலைதான் சாப்பாட்டுக்கு ஆபத்தான எல்லை. ஆவி பறக்கப் பறக்கக் கட்டிய சோற்றுப் பொதி காலை முழுக்க அந்த எல்லைக்குள்தான் கிடக்கிறது. பச்சைத் தேங்காய்ச் சம்பல், பாற்கறி, பாலில் கரைத்த பருப்பு இவையெல்லாம் கூட இருந்தால் இன்னும் விரைவாகப் பழுதாகும். நாலு மணிக்குக் கட்டிய பொதியைப் பின்னேரம் நுவரெலியாவில் அவிழ்ப்பது நல்ல யோசனையே அல்ல. வயிற்றோட்டத்தோடு குளிருக்குள் நிற்பதைவிடச் சாப்பிடாமல் நிற்பது பரவாயில்லை.

அடுத்தது குளிர். ஆறிய சோற்றில் மாப்பொருள் மறுபடி இறுகும். குளிர் கூடக்கூட அது விரைவாக நடக்கும். நம்முடைய சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு ஏற்கெனவே பருக்கை பருக்கையாக நிற்பது. விடியப்புறக் குளிரில் அதை மென்று விழுங்குவது பெரிய பாடு. கையால் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு கஷ்டம் இருக்கிறது. காற்றுக்குள் கையுறையைக் கழற்றி, ஈரமான குளிர்ச் சோற்றைப் பிசைந்து, பிறகு ஐஸ் தண்ணீரில் கை கழுவினால் அந்த விரல்கள் திரும்பச் சூடேற வெகு நேரம் எடுக்கும். சோறுதான் வேண்டும் என்கிறவர்கள் ஒரு கரண்டியாவது கொண்டு போங்கள்.

நிறையையும் பார்க்க வேண்டும். அவித்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். நூறு கிராம் சோற்றில் ஏறத்தாழ 130 கலோரிதான் கிடைக்கும். அதே நூறு கிராம் பாணில் ஏறத்தாழ 265. கச்சானிலும் எள்ளிலும் 570 அளவில். சோற்றைச் சுமந்து மலையேறுகிறவர் பெரும்பாலும் தண்ணீரைத்தான் சுமக்கிறார்.

சரி, வழிக்கு என்ன சோறு? புளிச்சோறும் தயிர்ச்சோறும். புளிப்பு பக்டீரியா பெருகுவதைத் தாமதப்படுத்தும் என்பதால்தான் பழைய ஆட்கள் தூரப் பயணத்துக்குப் புளிச்சோறு கட்டினார்கள். நல்லெண்ணெயில் கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, புளியை நன்றாக வற்ற விட்டு, சோற்றை விசாலமான தட்டில் பரவி ஆற வைத்துப் பிறகு கட்ட வேண்டும். வாட்டிய வாழையிலை நல்லது. குளத்தடியில் தாமரை இலை கிடைக்குமென்றால் அதையும் கொண்டு போகலாம். அகலமாக விரித்துச் சாப்பிட வசதி. விடியப்புறம் கட்டியதைத் தம்புள்ளைக்கு முன்பே, காலைச் சாப்பாடாக முடித்துவிட வேண்டும். மிஞ்சியதை மலைக்கு ஏற்றக் கூடாது.

ரொட்டியும் எண்ணெயும்

மலை நடைக்கு வயிறு நிரம்புகிற சாப்பாடு என்றால் என்னுடைய தெரிவு ரொட்டிதான். ஆனால் வீட்டில் வழக்கமாகச் சுடுகிற தேங்காய்ப்பூ ரொட்டி அல்ல. பச்சைத் தேங்காய்ப்பூ சேர்த்த ரொட்டி சுட்ட அன்றைக்கு அருமை. அடுத்த நாள் விடிய மணம் மாறிவிடும். மலைக்கு நாம் போய்ச் சேர்வதே பின்னேரம் என்பதால் ரொட்டி இரண்டாம் நாள்தான் சாப்பிடப்படும். அதற்குத் தேங்காய்ப்பூ இல்லாமல், மாவை நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து, மெல்லிசாகத் தட்டி, இரண்டு பக்கமும் ஈரமில்லாமல் சுட்டெடுக்க வேண்டும். கோதுமை மாவோடு குரக்கன் மா பாதிக்குப் பாதி கலந்தால் சத்துக் கூடும். எண்ணெயை மட்டும் தாராளமாக விட வேண்டும், இல்லாவிட்டால் குரக்கன் உடையும்.

ஏன் நல்லெண்ணெய் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகையிலேயே உறையத் தொடங்கிவிடும். மார்கழி விடியலில் வன்னியிலேயே தேங்காயெண்ணெய்ப் போத்தல் வெள்ளையாக இறுகிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஹோட்டன் சமவெளியில் பகலில்கூட அந்தச் சூடு வருவது அரிது. ஆகத் தேங்காயெண்ணெயில் செய்த எதுவும் அங்கே மெழுகு போல அண்ணத்தில் ஒட்டும். சீனிச் சம்பல் கட்டியாகும். பொரித்த முறுக்கும் பயற்றம் பணியாரத்தின் மேல்தோலும் வாயில் கரையாமல் நிற்கும். பழுதாகிவிட்டது என்று நினைத்துப் பிள்ளைகள் துப்பிவிடுவார்கள். நல்லெண்ணெய் அப்படியல்ல. பூச்சியம் பாகைக்குக் கிட்டப் போனாலும் நீராகவே இருக்கும். அதில் பிசைந்த ரொட்டி குளிரில் ஓரளவுக்கு வளைந்து கொடுக்கும்; பிய்த்துச் சாப்பிடலாம். நெய்யும் இதற்கு உதவாது. மணமும் சத்தும் இருக்கிறது, ஆனால் அதுவும் இறுகும். மலைக்கு என்று செய்கிற எல்லாவற்றுக்கும் நல்லெண்ணெயையே எடுங்கள். ஒரேயொரு மாற்றத்தைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஈரமான கறி வேண்டாம். நல்லெண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்த நெத்தலிக் கருவாட்டோடு வெங்காயமும் செத்தல் மிளகாயும் வதக்கி, தண்ணீர் வற்ற எடுத்து ரொட்டிக்குள்ளேயே பரவிச் சுருட்டிவிடலாம். சுருட்டிக் கொண்டு போனால் கையுறையோடும் சாப்பிடலாம், தட்டும் தேவையில்லை. வானில் கருவாட்டு மணம் ஆகாது என்கிறவர்கள் வீட்டில் இருந்தால் உருளைக்கிழங்குப் பிரட்டலைத் தேட வேண்டாம். அவித்த கிழங்கு வெக்கையில் ஒரு நாளுக்குள் கெட்டுவிடும். அவர்களுக்கு வெறும் ரொட்டியும் பனங்கட்டியும் போதும்.

பிட்டும் இடியப்பமும் குளிரில் உதிர்ந்து போகும். பிட்டில் தேங்காய்ப்பூவும் உண்டு. தோசை விறைத்துவிடும். பாணை வன்னியிலிருந்து கொண்டு போகவே தேவையில்லை, நுவரெலியாவில் விடிய வாங்கலாம். அவித்த முட்டையைக் கோதோடு கொண்டு போய் அன்றைக்கே சாப்பிட்டால் நல்லது. வாழைப்பழம் நசியும், குளிரில் கறுக்கும். அதையும் போகும் வழியில் வாங்கி வழியிலேயே முடித்துவிடலாம்.

எள்ளும் கச்சானும் பனங்கட்டியும்

குளிருக்கு நல்ல சாப்பாடு எது என்று தேடி எங்கேயும் போக வேண்டியதில்லை. நம்முடைய வளவிலும் தோட்டத்திலும் விளைகிறவற்றிலேயே அது இருக்கிறது. எள்ளு, உழுந்து, கச்சான், பயறு, பனங்கட்டி. எண்ணெய் வித்தும் பருப்பும் சீனிச்சத்தும் ஒரே உருண்டைக்குள் கூடினால் உடனடி விறகும் நின்று எரிகிற விறகும் ஒன்றாகக் கிடைக்கும். ஈரம் கிட்டத்தட்ட இல்லாததால் வெக்கையில் பழுதாகாது. விரல்கள் விறைத்திருந்தாலும் எடுத்து வாயில் போடலாம். நான் மேலே சொன்ன எல்லாச் சோதனையிலும் தேறுகிற ஒரே சாப்பாடு எள்ளுருண்டை.

வறுத்த எள்ளையும் வறுத்து இடித்த உழுத்தம்மாவையும் பனங்கட்டியோடு உரலில் சேர்த்து, எள்ளின் எண்ணெய் வெளியே வரும்வரை இடித்துப் பிடிக்கிற மெத்தென்ற உருண்டையைத்தான் சொல்கிறேன். சாமத்தியப்பட்ட பிள்ளைகளுக்கு அம்மம்மாமார் இடித்துக் கொடுக்கிறது இதுதான். உழுந்து சேர்வதால் புரதமும் இருக்கிறது. இதில் தேங்காய்ப்பூ சேர்க்கிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. மலைக்கு அது வேண்டாம். பாகு காய்ச்சி இறுக்கமாகப் பிடிக்கிற உருண்டையும் நல்லதுதான், ஆனால் குளிரில் அது பல்லைச் சோதிக்கும். வயதானவர்களுக்கு இடித்ததே சரி.

கச்சான் அல்வாவுக்கும் இதே குறை. குளிரில் கடிக்கக் கஷ்டம். அதோடு அதன் பாகு மூடுபனியின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கத் தொடங்கும். வறுத்த கச்சானே அதைவிட உத்தமம். ஏ9 வீதியால் போகிறவர்கள் எப்படியும் முறிகண்டியில் வாகனத்தை நிறுத்திப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார்கள்; அந்த இடத்திலேயே வறுத்த கச்சான் வாங்கிவிடலாம். முல்லைத்தீவிலிருந்து மாங்குளத்துக்கு வந்து ஏறுகிறவர்களுக்கு முறிகண்டி கிடைக்காது, அவர்கள் வீட்டிலேயே வறுத்துக்கொள்ள வேண்டும். கோதுடைத்து, தோல் ஊதி, உப்புத் தண்ணீர் தெளித்து வறுத்து எடுத்து வையுங்கள். மலையில் நின்று கோதுடைக்க விரல் வராது. கோதையும் அங்கே கொட்டக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு நடக்கும்போது முழுக் கச்சான் கொடுக்காதீர்கள், புரைக்கேறும். கச்சான் ஒத்துக்கொள்ளாதவர்கள் கூட்டத்தில் இருக்கிறார்களா என்று முன்னமே கேட்டுக்கொள்வதும் அவசியம்.

பயற்றம் உருண்டை மாவில் தோய்த்துப் பொரிக்காமல் வெறும் உருண்டையாகவே போகட்டும்.

புழுக்கொடியலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பனங்கிழங்கை அவித்துக் காய வைத்தது என்பதால் மாதக்கணக்கில் இருக்கும். வெக்கையும் குளிரும் அதற்கு ஒன்றுதான். மெதுவாக மென்றுகொண்டே நடக்கலாம், பசியை நன்றாகத் தாங்கும். எனக்கு மிகவும் பிடித்த நடைச் சாப்பாடு. ஆனால் எல்லாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தனியே சாப்பிட்டால் வாய் வறளும், பல் நல்லாக இருக்க வேண்டும், பழக்கமில்லாத பிள்ளைகள் தொடவும் மாட்டார்கள். பனங்கட்டித் துண்டோடு சாப்பிடத் தெரிந்தவருக்கு அது போதுமான உணவு. தெரியாதவருக்கு அதை மட்டும் நம்பிப் பொதி கட்டுவது சரியல்ல.

கடைச் சாமான்

பிஸ்கட், நூடில்ஸ், சொக்லேட். இவை மூன்றும்தான் இப்போது பிள்ளைகளின் பைகளில் அதிகம்.

பிஸ்கட் மோசமல்ல. நூறு கிராமில் நானூறு கலோரிக்கு மேல் இருக்கிறது, கெடாது, எல்லாக் கடையிலும் கிடைக்கும். பைக்குள் நொறுங்குவதும் உறையும்தான் பிரச்சினை. ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. உள்ளே நடை தொடங்குகிற இடத்தில் பைகளைத் திறந்து பார்த்துப் பொலித்தீன் உறைகளைக் கழற்றி எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கிற லேபலைக்கூட. உறையில்லாத பிஸ்கட் மூடுபனியில் சீக்கிரம் நமத்துவிடும். மூடியுள்ள பெட்டிக்குள் போட்டுக் கொண்டு போனால் தப்பும். அந்தக் கட்டுப்பாட்டை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அங்கே மேய்கிற மரைகள் உப்பும் இனிப்பும் ஒட்டிய பொலித்தீனைத் தின்று செத்திருக்கின்றன. வன்னிக் காட்டு மரையை அறிந்த நாம் அந்த மரைக்கும் துரோகம் செய்யக் கூடாது. உருண்டையோ ரொட்டியோ ஒன்றையும் அவற்றுக்கு நீட்டவும் கூடாது.

பொலித்தீன் இல்லாமல் கட்டுவதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பனங்கட்டி ஓலைக் குட்டானிலேயே வருகிறது. ரொட்டியை வாட்டிய வாழையிலையில் சுற்றி வாழைநாரால் ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டால் கையுறையோடு இழுத்து அவிழ்க்கலாம். உருண்டைகளுக்கு மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டி, கச்சானுக்குத் துணிப்பை.

நூடில்ஸுக்கு நெருப்பு வேண்டும். தேசியப் பூங்காவுக்குள் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள். பிளாஸ்க் தண்ணீரில் ஊற வைக்கலாம் என்றால், 2,100 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 93 பாகை அளவிலேயே கொதித்துவிடும். பிளாஸ்குக்குள் இருந்து அது இன்னும் இறங்கியிருக்கும். நூடில்ஸ் அரைகுறையாகத்தான் ஊறும். கேத்தல் உள்ள அறையில் தங்குகிறீர்கள் என்றால் இரவுக்கு ஒரு சூடான சாப்பாடாக அதை வைத்துக்கொள்ளலாம். பாதையில் வேண்டாம். அறைக்கு அதைவிட நல்லது சத்துமா. சோளம், பயறு, உழுந்து, அரிசி வறுத்து இடித்த மாவைக் கொதிதண்ணீரில் பனங்கட்டியோடு கரைத்தால் கஞ்சி தயார்.

சொக்லேட் தம்புள்ளைக்கு முன்பே உருகிப் பையெல்லாம் பூசும். பிள்ளைகள் கேட்டால் நுவரெலியாவில் வாங்கிக் கொடுங்கள்.

சூடாக ஒரு மிடறு

எவ்வளவு நல்ல பொதி கட்டினாலும் குளிருக்குள் சூடாக ஒன்று இல்லாவிட்டால் மனம் சோர்ந்துவிடும். நல்ல பிளாஸ்க் ஒன்றுக்குச் செலவழிக்கிற காசு வீண் போகாது. முதலில் கொதிதண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, அதைக் கொட்டிவிட்டுப் பிறகு தேத்தண்ணியை ஊற்றினால் சூடு கூடுதல் நேரம் நிற்கும்.

பால்தேத்தண்ணி பிளாஸ்குக்குள் மணம் மாறும், நேரம் போனால் கெட்டும் விடும். இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேத்தண்ணி பாதுகாப்பு. மல்லித்தண்ணியும் நல்லது. இரண்டிலும் சீனியைக் கொஞ்சம் தாராளமாகவே போடலாம், இந்த இடத்தில் சீனி விறகுதான். ஆனால் எல்லாவற்றிலும் மேலாக நான் சொல்வது ரசம். மிளகும் சீரகமும் உள்ளியும் தூக்கலாக இடித்துப் போட்டு, வடித்து, பிளாஸ்கில் ஊற்றிக் கொண்டு போங்கள். உப்பும் உறைப்பும் சூடுமாக உள்ளே இறங்கும்போது ரொட்டியும் தானாக இறங்கும். தங்குகிற இடத்தில் சமையலறை பாவிக்கக் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். வறுத்து இடித்த ரசத்தூளை வீட்டிலிருந்தே கொண்டு போனால் பத்து நிமிட வேலை.

குளிரில் தாகம் தெரியாது. அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடக் கூடாது. நடக்கும்போது மூச்சிலும் வியர்வையிலும் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். பெண்கள் மலசலகூடம் இல்லை என்று குடிக்காமலே நடப்பதையும் காண்கிறேன். தலையிடியும் சோர்வும் அதனால்தான் வருகின்றன.

குளிருக்குச் சாராயம் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சாராயம் தோலுக்குக் கிட்ட உள்ள இரத்தக் குழாய்களை விரிக்கும். அதனால் சூடு ஏறியது போல ஒரு உணர்வு வரும், உண்மையில் உடம்பின் உட்சூடு தோல் வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்குத் தனிப் பொதி கட்ட வேண்டும். நான் புகழ்ந்த உருண்டைகள் அவர்களுக்கு முழு அளவில் ஆகாது. குரக்கன் கலந்த ரொட்டி, வறுத்த கடலை, கச்சான், முட்டை என்று கட்டலாம். மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் நேரத்துக்குச் சாப்பிடாமல் நடந்தால் இரத்தத்தில் சீனி குறைந்து நடுக்கம் வரும். குளிரில் வந்த நடுக்கம் என்று கூட இருப்பவர்கள் அதைக் கவனிக்காமல் விட இடமுண்டு. அவர்களுடைய பையிலும் இரண்டு பனங்கட்டித் துண்டு கட்டாயம் இருக்க வேண்டும், அதைப் பற்றிப் பக்கத்தில் நடக்கிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

போகிற இடத்தைப் பொறுத்து

ஹோட்டன் சமவெளிக்கு நுவரெலியாவிலிருந்து விடிய நாலரை ஐந்து மணிக்கே வெளிக்கிட வேண்டும். ஒன்பது பத்து மணிக்குள் உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்பை மூடுபனி மூடிவிடும் என்பதால் எல்லாரும் அந்த அவசரத்தில்தான் போவார்கள். நடை ஒன்பது கிலோமீற்றர் அளவில், பாதையில் கடை கிடையாது. இங்கே ஒரு பெரியவருக்கு இரண்டு ரொட்டி, மூன்று எள்ளுருண்டை, ஒரு கைப்பிடிக் கச்சான் என்பது என் கணக்கு. ஏறத்தாழ 1,300 கலோரி வரும், நிறை அரைக் கிலோவுக்கும் குறைவு. அதே சத்தைச் சோற்றில் கொண்டு போவதென்றால் கறி இல்லாமலே ஒரு கிலோ சுமக்க வேண்டும். வெளிக்கிடும்போதே ஒரு ரொட்டியும் தேத்தண்ணியும் உள்ளே போகட்டும். வெறும் வயிற்றோடு குளிருக்குள் இறங்கி, நடுங்கத் தொடங்கிய பிறகு சாப்பிடத் தேடுவது பிந்திய வேலை. நடக்கும்போது பெரிய சாப்பாட்டுக்கு நீண்ட நேரம் உட்காராமல், முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு உருண்டை அல்லது கொஞ்சம் கச்சான் என்று போட்டுக்கொண்டே போகலாம். வியர்த்த உடம்போடு காற்றுக்குள் உட்கார்ந்தால் உடனே குளிர் பிடிக்கும்.

சிவனொளிபாதமலை வேறு மாதிரி. 2,243 மீற்றர் உயரமென்றாலும் மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசி வரையான யாத்திரைக் காலத்தில் நல்லதண்ணிப் பாதை நெடுகத் தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். அங்கே ரொட்டி, ரசம் எல்லாம் சுமக்கத் தேவையில்லை. சட்டைப் பையில் எள்ளுருண்டை, பனங்கட்டி, ஒரு போத்தல் தண்ணீர், அவ்வளவு போதும். ஆனால் உச்சியில் சூரிய உதயத்துக்காகக் காற்றுக்குள் காத்திருக்கிற நேரம்தான் மிகக் குளிரானது. ஏறும்போதே எல்லாவற்றையும் தின்று தீர்க்காமல் அந்த நேரத்துக்கென்று இரண்டு உருண்டையை ஒதுக்கி வைக்க வேண்டும். யாத்திரைக் காலம் முடிந்த பிறகு போகிறவர்கள் ஹோட்டன் சமவெளிப் பொதியையே கட்டிக்கொள்ளட்டும். கடைகள் பூட்டிக் கிடக்கும்.

நக்கிள்ஸ் மலைத்தொடர்ப் பக்கம் கூடாரம் அடித்துத் தங்கப் போகிற இளைஞர்களுக்கு இவற்றோடு சத்துமாவும் புழுக்கொடியலும் வேண்டும். ஒரு நாள் கூடினாலும் தாங்குகிற சாப்பாடு அவை. படுக்கப் போவதற்கு முன் எள்ளுருண்டையோ ஒரு பிடி கச்சானோ சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் அதன் கொழுப்பு மெதுவாகச் செமித்து, விடியும்வரை உடம்புக்குச் சூடு கொடுத்துக்கொண்டிருக்கும்.

வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். எள்ளுருண்டையையும் சத்துமாவையும் ரசத்தூளையும் மூன்று நாலு நாளுக்கு முன்பே செய்து, நன்றாக ஆறிய பிறகு மூடி வையுங்கள். கச்சானை முதல் நாள் வறுத்தால் போதும். ரொட்டியைப் புறப்படுவதற்கு முந்தின இரவு சுட்டு, ஆவி முழுக்கப் போன பின்தான் இலையில் சுற்ற வேண்டும். சூட்டோடு சுற்றினால் உள்ளே வியர்த்து விடிவதற்குள் பூஞ்சணத்துக்கு வழி செய்துவிடும். புளிச்சோறு கடைசி வேலை. வானில் ஏற்றும்போது சோற்றுப் பொதியைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்து, மலைக்கான பையை வெயில் படாமல் ஆசனத்துக்குக் கீழே தள்ளிவிடுங்கள். வழியில் பிள்ளைகள் அதைத் திறக்காமல் பார்த்துக்கொள்ள ஒருவரைப் பொறுப்பாகவும் விடுங்கள்.